ஆறு வாரம் எதையும் தூக்காதே

1

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்குளத்திலிருந்து அக்கா போன் செய்தாள். பேச்சுவாக்கில், அவள் நாத்தனாருக்குக் கர்ப்பப்பையை எடுக்க நாள் குறித்திருப்பதாகச் சொன்னாள்.

"பாவம், ரெண்டு வருசமாப் பாடாப் படுத்திட்டு. எடுத்துட்டா நிம்மதி. பத்து நாளுல எந்திரிச்சிருவா. களை எடுக்குத நேரம், கைக்கு ஆள் வேணும்லா" என்றாள்.

"பத்து நாளுல எந்திரிக்கக் கூடாதுக்கா."

"அது உனக்கு எப்படிட்டி தெரியும்?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே எரியவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்யாணம் முடிந்து புனேக்கு ரயில் ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் என் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இந்தத் தையோடு ஒரு வருஷம். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவிடம் நான் சொன்னது அபெண்டிக்ஸ் ஆபரேஷன். அந்தப் பொய்யால் என் வயிறு பிளந்துபோகப் பார்த்தது.

இந்தப் பத்திரிகை அக்கா வீட்டுக்கு வரும். படித்துவிட்டு என்னை ஏசுவாள். ஏசட்டும். நாத்தனாருக்கு நாள் நெருங்குகிறது, நான் இன்னும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் நடக்காது.

2

நாங்கள் இருப்பது தாபோடியில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு சாளில். ஒரு அறை, ஒரு சமையலறை, முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு நடை. என் வீட்டுக்காரருக்குக் கட்கியில் ராணுவத் தளவாட ஆலையில் வேலை. நான் போசரியில் வண்டிகளுக்கு வயர் பின்னிக் கொடுக்கிற ஒரு சின்ன யூனிட்டில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். நீளமான பலகையில் ஆணி அடித்திருக்கும், அதன் வழியே வயர்களை இழுத்துக் கட்ட வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடி. முடிந்த கட்டுகளைப் பெட்டியில் போட்டு நாமே தூக்கிக்கொண்டு போய் அடுக்க வேண்டும். ஒரே பெண் நந்தினி, கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

நாற்பத்தைந்து வயதில் எனக்கு ரத்தப்போக்கு அதிகமாயிற்று. மாதத்தில் பன்னிரண்டு நாள், பதினைந்து நாள். பலகை முன்னால் நிற்கும்போதே கண் இருட்டும். கறுப்பு நிறச் சேலையாகப் பார்த்துக் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் யூனிட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். கர்ப்பப்பையில் கட்டிகள், ஒன்று தேங்காய் அளவு இருந்தது. உடம்பில் ரத்தம் பாதிதான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்த பிறகு, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும், சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம் என்றார்.

எனக்குப் பயம் கத்தி மேல் இல்லை. டைம் ஆபீஸ் மேல்தான் இருந்தது.

டைம் ஆபீஸ் என்றால் யூனிட் வாசலில் ஒரு கண்ணாடி அறை. லீவு, ஷிப்டு எல்லாம் அங்கேதான். அதில் ஒரு பையன், நந்தினியைவிட நாலைந்து வயது கூட இருப்பான். லீவு பாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம். பின்னால் வரிசையில் ஆறேழு ஆண்கள்.

"என்ன ஆபரேஷன், தாயி?" என்று மராட்டியில் கேட்டான். தாயி என்றால் இங்கே அக்கா.

இருபத்திரண்டு வருஷத்தில் மராட்டியில் காய்கறிக்குப் பேரம் பேசியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒரு பிரசவத்துக்குத் துணைக்குக்கூட நின்றிருக்கிறேன். கர்ப்பப்பை என்பதற்கு மராட்டி வார்த்தையும் தெரியும். அத்தனை ஆண்கள் முன்னால் வாய் வரவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"அபெண்டிக்ஸா?"

"ஆமாம்" என்றேன்.

பதினைந்து நாள் என்று எழுதி முத்திரை குத்தினான். டாக்டரம்மா கேட்டது ஆறு வாரம்.

3

ஒரு பொய் சொன்னால் எல்லா இடத்திலும் அதையே சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவிடம் அபெண்டிக்ஸ். சாளில் அபெண்டிக்ஸ். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நீ சொல்லுத மாதிரியே இருக்கட்டும். ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ" என்றார். நந்தினி மட்டும்தான் கேட்டாள்.

"அம்மா, பொய் ஏன் சொன்னே? உனக்கு ஷரம் ஆகுதா? எல்லா பாயிகாவுக்கும் இது ஆகுது ந."

ஷரம் என்றால் வெட்கம், பாயிகா என்றால் பெண்கள். அவள் தமிழ் அப்படித்தான். தமிழில் ஆரம்பித்து, மராட்டியில் போய், எங்கோ முடியும். திருத்துவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அன்று அவள் கேட்டதற்கு, "பெரியவங்க விஷயத்துல தலையிடாத" என்று எரிந்து விழுந்தேன். என் பிள்ளை சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும்.

வெட்கம் பாதிக் காரணம்தான். மீதியைச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரி என்பீர்கள்.

இங்கே தை பிறந்ததும் வீட்டுக்கு வீடு மஞ்சள் குங்குமம் நடக்கும். சாயங்காலம் சுமங்கலிகளை அழைத்து, எள்ளுருண்டை கொடுத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, கடைசியில் மடி நிரப்புவார்கள். நம் முந்தானையை விரித்துப் பிடிக்க வேண்டும். அதில் கோதுமை, இலந்தைப்பழம், பச்சைக் கடலை, கரும்புத் துண்டு, சில வீடுகளில் தேங்காய், ரவிக்கைத் துணி. மடி என்று அவர்கள் சொல்வது அடிவயிற்றையும் சேர்த்துத்தான். அது நிறைந்திருக்க வேண்டும் என்ற வாழ்த்து. ஊரில் சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவளுக்கு, வருஷத்தில் அந்த மூன்று வாரமும் பத்துப் பதினைந்து வீடுகளில் என்னையும் ஒருத்தியாக உட்காரவைத்து மடி நிரப்புவது பெரிய விஷயம். அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஐந்து வருஷம் முன்னால் ஒரு வீட்டில் எனக்கு இரண்டு பேர் தள்ளி சுரேகா தாயி உட்கார்ந்திருந்தார். எங்கள் வரிசையில் ஏழாவது வீடு. நாலு வீடுகளில் சப்பாத்தி போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவர். அவர் முறை வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, வேண்டாம் என்று பின்னால் நகர்ந்துகொண்டார். வீட்டுக்காரியும் வற்புறுத்தவில்லை. என் பக்கத்தில் இருந்தவள் என் காதில், "அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, தெரியுமா" என்றாள்.

நான் இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். ஓகோ, இங்கே வழக்கம் இப்படி, உள்ளே இல்லாதவளுக்கு மடி நிரப்ப மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வேற்று ஊரில் பிழைக்கிறவர்கள் எல்லாவற்றையும் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். கேட்டால் அந்நியம் என்று காட்டிக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயம்.

4

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிவயிற்றில் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்குத் தையல்.

டாக்டரம்மா சொன்னது நீளமான பட்டியல். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. இருமினால், தும்மினால் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். முக்கக் கூடாது, அதற்காக நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். படுத்தே கிடக்கவும் கூடாது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். காய்ச்சல், காலில் வீக்கம், தையலில் நீர், துர்நாற்றம், ரத்தப்போக்கு, எது வந்தாலும் உடனே வர வேண்டும். வெளியே ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது, அதுதான் ஏமாற்றும் என்று இரண்டு முறை சொன்னார்.

எல்லாம் இங்கிலீஷில் அச்சடித்த தாளில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நந்தினிக்குத் தமிழ் எழுத வராது. அவள் என்ன செய்தாள் என்றால், ஒரு சார்ட்டில் படம் வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டினாள். வாளி, மேலே சிவப்புக் கோடு. கேஸ் சிலிண்டர், சிவப்புக் கோடு. மாவரைக்கும் கிரைண்டர், சிவப்புக் கோடு. தண்ணீர்ச் சொம்பு, பச்சை டிக். தலையணையைக் கட்டிக்கொண்டு இருமுகிற ஒரு குண்டுப் பெண், அது நான். பார்த்துச் சிரித்தேன், சிரித்தால் தையல் இழுத்தது, அந்தக் குண்டுப் பெண்ணைப் போலவே தலையணையைக் கட்டிக்கொண்டேன்.

முதல் வாரம் வீட்டுக்காரர்தான் தண்ணீர் பிடித்தார். எங்கள் சாளில் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஏழுக்கு நின்றுவிடும். "நீ படு. நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, பாதித் தண்ணீரை நடையில் சிந்திக்கொண்டே கொண்டுவருவார். சோறு குழைந்தது. ரசத்தில் புளி போட மறந்தார். அந்த மனுஷனுக்கு என் மேல் இவ்வளவு அக்கறை இருக்கிறது என்பது எனக்கே புதுச் செய்தியாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காலை ஷிப்டு, ஐந்தரைக்கே போய்விட்டார். நந்தினிக்குப் பரீட்சை, அவளும் ஆறுக்குக் கிளம்பினாள். டிரம்மில் தண்ணீர் இல்லை. ஆறே கால் ஆகியும் நான் குழாயடிக்கு வராததைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அபெண்டிக்ஸ்தானே? என் தம்பி எட்டாவது நாளே பைக் ஓட்டினான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கெட்டவள் இல்லை. நான் சொன்னதை நம்பினாள்.

முந்தின நாள் அக்காவும் போனில், "எங்க வீட்டுல அவுக அபெண்டிக்ஸ் எடுத்துப் பத்தாம் நாள் வயலுக்குப் போயிட்டாவ. நீ என்னத்துக்கு இன்னும் படுத்துக் கிடக்க?" என்று கேட்டிருந்தாள். எனக்கும் ரோஷம் வந்தது. மூன்று நாளில் வேலைக்குப் போயாக வேண்டும், பெட்டி தூக்கியாக வேண்டும், இன்றைக்கே பழகிக்கொள்வோம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னைச் செவிட்டில் அறையத் தோன்றுகிறது.

அரை வாளிதான். இரண்டாவது வாளியைத் தூக்கும்போது உள்ளே எதுவோ சுரீரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சேலையை விலக்கிப் பார்த்தால், தையலின் ஒரு ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாக நீர் கசிந்திருந்தது. துணியை வைத்துக் கட்டினேன். நந்தினி வந்து கேட்டபோது, தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துத் தந்தாள் என்றேன்.

5

அன்று சாயங்காலம் சுரேகா தாயி வீட்டில் மஞ்சள் குங்குமம். போகாமல் இருந்தால் விசாரித்து வருவார்கள், வந்தால் துணியைப் பார்ப்பார்கள். அதற்குப் போவதே மேல் என்று போனேன்.

எட்டுப் பத்துப் பெண்கள். எள்ளுருண்டையைக் கையில் வைத்து, இனிப்பாகப் பேசு என்று சொல்லி, ஒவ்வொருத்தியாக வந்தார் சுரேகா தாயி. தட்டில் கோதுமையும் கேரட்டும் இலந்தையும் தேங்காயும் இருந்தன. எல்லார் வீட்டிலும் இருக்கிற கரும்புத் துண்டு மட்டும் அவர் தட்டில் இருக்காது, அது எப்போதுமே அப்படித்தான், நான் அதையும் கேட்டதில்லை.

என் முறை வந்தது. "முந்தானையைப் பிடி, வஹினி" என்றார். வஹினி என்றால் அண்ணி.

இல்லாத ஒன்றை நிரப்பச் சொல்லி ஏந்துவது திருட்டு மாதிரி இருந்தது. கும்பிட்டேன். வேண்டாம் என்று சொல்லி அவசரமாக எழுந்தேன். எழும்போது இரண்டு உள்ளங்கையாலும் அடிவயிற்றை நடுவில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து எழுந்தேன். அப்படித்தான் எழ முடிந்தது.

சுரேகா தாயி தட்டோடு அப்படியே நின்றார். அடுத்தவளுக்கு நகர்ந்தார். நான் வாசலுக்குப் போனபோது, "நீ இரு" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலுக்கு இருந்துதான் ஆக வேண்டும் போலிருந்தது.

எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்தினார். இனி எங்கள் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன். நிஜத்தில் அது மராட்டியும் இந்தியுமாகக் கலந்து நடந்தது.

"அபெண்டிக்ஸ் எந்தப் பக்கம்?"

நான் இடப்பக்கம் காட்டினேன்.

"அது வலப்பக்கம். நீ நடுவுல பிடிச்சு எந்திரிக்கிற. பதினேழு வருஷமா நான் அப்படித்தான் எந்திரிக்கிறேன், எனக்குத் தெரியாதா? கர்ப்பப்பைதானே?"

நான் அழ ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, வலியில் அழவில்லை, அங்கேதான் அழுதேன். அழுதுகொண்டே, உங்களுக்கு மடி நிரப்பாத மாதிரி எனக்கும் நிரப்பக் கூடாது, எனக்குத் தெரியும் என்றேன்.

"எனக்கு யார் நிரப்பல?"

ஐந்து வருஷம் முன்னால் பார்த்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட பைத்தியமே! அப்ப ஊருல என் கொழுந்தனார் செத்து ஏழாம் நாள். தீட்டு. கூப்பிட்டாங்களேன்னு வந்து உட்கார்ந்தேன், மடி நிரப்ப முடியாதுன்னேன். அடுத்த வருஷம் நீ பக்கத்துலதானே இருந்தே, எனக்கு நிரப்பலையா?"

அடுத்த வருஷம் நான் பார்க்கவே இல்லை. ஒரு முறை தெரிந்துகொண்டதை மறுபடி எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

"இந்தச் சாள்ல மட்டும் நாலு பேருக்கு எடுத்தாச்சு. வயித்துக்குள்ள கையை விட்டுப் பார்த்துட்டா மடி நிரப்புறாங்க?" என்றார். பிறகு என் கொசுவத்தை விலக்கி, நான் கட்டியிருந்த துணியை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்ன தூக்கினே?"

"தண்ணி."

6

அன்றைக்குத்தான் சுரேகா தாயியின் வயது எனக்குத் தெரிந்தது. அம்பத்தைந்து, அறுபது இருக்கும் என்று நினைத்து எட்டு வருஷமாக அக்கா போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று. என்னைவிட நாலு வயது சின்னவள். இனி அவளை அவள் என்றே எழுதுகிறேன்.

அவளுக்கு ஊர் பீட் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வயதில் கல்யாணம், இருபதுக்குள் இரண்டு பிள்ளைகள். தசரா முடிந்ததும் லாரி வந்து ஊரையே அள்ளிக்கொண்டு கரும்பு வெட்டப் போகும். ஆறு மாசம் வயலிலேயே குடிசை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு அரிவாள் என்று கணக்கு. அவன் வெட்டுவான், அவள் கட்டித் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுவாள். தூரம் ஆகிற நாட்களில் படுத்துவிட்டால் மேஸ்திரி தண்டம் போடுவான்.

"வெள்ளை போச்சு. அடிவயித்துல வலி. டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனோம். பை கெட்டுப்போச்சு, விட்டா கேன்சர் வரும், ரெண்டு பிள்ளை இருக்குல்ல, எடுத்துடுன்னான். எங்க குடிசை வரிசையில பாதிப் பேர் எடுத்திருந்தாங்க. எடுத்துட்டா மாசாமாசம் தொந்தரவு இல்ல, வேலை நிக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. சினைப்பையையும் சேர்த்தே எடுத்துட்டாங்கன்னு எனக்குப் பத்து வருஷம் கழிச்சு இங்க ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அப்ப எனக்கு வயசு இருபத்தாறு."

"எத்தனை நாள் படுத்தே?"

"இருபதாம் நாள் லாரி வந்துடுச்சு."

கட்டைத் தலையில் ஏற்றிய மூன்றாம் நாள் தையல் விட்டிருக்கிறது. சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு சீசன் முடிகிற வரை சுமந்தாள். புண் ஆறுவதற்கு மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உடம்பு காந்தும், தூக்கம் வராது. முப்பது வயதில் முழங்கால் போயிற்று. எலும்பு அறுபது வயதுக்காரி எலும்பு மாதிரி இருக்கிறது என்று இங்கே சொன்னார்களாம். கரும்பை அவள் கையால் தொடுவதில்லை.

இதையெல்லாம் அவள் அழாமல், எள்ளுருண்டை டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள். எனக்கு டாக்டரம்மா ஆறு வாரம் என்று தாளில் கொடுத்ததை நானும் சொன்னேன்.

"எனக்கு ஆறு வாரம் வேணும்னு ஒருத்தரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் கிடைச்சிருக்காது. உனக்கு டாக்டர் எழுதியே கொடுத்திருக்காங்க, நீ அதை ஒளிச்சு வெச்சுட்டு வாளி தூக்குற. உன்னை என்ன செய்யலாம்?"

எனக்கு அவமானமாக இருந்தது. அந்த அவமானம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிறகு, "முந்தானையைப் பிடி" என்றாள். குங்குமம் வைத்து, கோதுமையை அள்ளிப் போட்டாள். தேங்காயை எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். "இது கனம். நந்தினி வந்து தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

7

மறுநாள் டாக்டரம்மாவிடம் போனோம். மேல்தோல்தான் ஓரத்தில் விட்டிருக்கிறது, சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, உள்தையல் பிழைத்தது என்றார். இன்னும் இரண்டு நாள் இப்படித் தூக்கியிருந்தால் மறுபடி படுக்கவைத்துத் தைக்க வேண்டியிருக்கும், பின்னால் குடல் இறங்கவும் கூடும் என்று நன்றாகத் திட்டினார். மருந்து எழுதினார். ஒன்று விட்டு ஒரு நாள் வந்து கட்டு மாற்ற வேண்டும். பக்கத்தில் நின்ற நந்தினி என்னைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவில் வரும்போது, "நான் படம் போட்டேன்ல, அம்மா. நீ பாக்கல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தமிழ் தடுமாறாமல் அவள் பேசிய வாக்கியம் அது.

பதினைந்தாம் நாள் நந்தினியோடு டைம் ஆபீசுக்குப் போனேன். ஆஸ்பத்திரித் தாள் அவள் பையில் இருந்தது.

"நீ வெளிய இரு, மீ சாங்க்தே" என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்கிறாள்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் என் பிள்ளை எனக்காக அந்த ஜன்னலில் நின்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. நானே போனேன். பின்னால் வரிசையில் அன்றைக்கும் ஆண்கள் இருந்தார்கள்.

"போன தடவை நான் சொன்னது பொய். எனக்கு அபெண்டிக்ஸ் இல்லை. கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள். ஆறு வாரம் வேண்டும். வந்த பிறகும் கொஞ்ச நாள் பெட்டி தூக்க மாட்டேன்" என்றேன், மராட்டியில், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

பையன் தாளை வாங்கிப் பார்த்தான். பழைய பாரத்தில் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் புதுப் பாரம் எடுத்தான்.

"எங்க அம்மாவுக்குப் போன வருஷம் எடுத்தாங்க, தாயி. முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே எழுதியிருப்பேனே. நாற்காலியில உட்காருங்க, நின்னுட்டே இருக்கீங்க" என்றான்.

பின்னால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் நகர்ந்து வழிவிட்டார். இதற்காகவா நான் வாளியைத் தூக்கினேன் என்று இருந்தது.

8

மிச்ச நாட்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. நன்றாக ஆறுகிற உடம்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது போல. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் சுரேகா என் டிரம்மையும் நிரப்பிவிட்டுப் போவாள். முழங்கால் வலியோடு நீ தூக்கலாமா என்று கேட்டால், "சின்னக் குடத்துல பத்துத் தடவை கொண்டுவரேன், உனக்கென்ன" என்பாள். கடைசியில் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு ரப்பர் குழாய் வாங்கிவந்து குழாயடியிலிருந்து டிரம்முக்கு நேராக இழுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்ய ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நாலரை மணிக்கு சுரேகா வேலை முடிந்து வருவாள், என்னை நடைக்கு இழுத்துப்போவாள். முதல் நாள் ஆறாவது வீடு வரை. பிறகு சாளின் கடைசி வரை. நாலாவது வாரம் ஸ்டேஷன் படிக்கட்டு வரை போய்த் திரும்பினோம். அவள் மெதுவாகத்தான் நடப்பாள், எனக்கு அது தோதாக இருந்தது. நான் வேகம் எடுத்தால் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். சில நாள் காரணம் இல்லாமல் அழுகை வரும். வாசலில் எதையாவது பார்த்து அழுவேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஆறு வாரம் முடிந்து டாக்டரம்மா பார்த்தார். உள்ளேயும் வெளியேயும் நன்றாக ஆறியிருக்கிறது, ரத்தமும் ஏறியிருக்கிறது, இனி கொஞ்சம் கொஞ்சமாக எல்லா வேலையும் செய்யலாம் என்றார்.

அக்கா, உன் நாத்தனாரிடம் இதைச் சொல். எடுக்கத்தான் வேண்டுமா என்று இன்னொரு டாக்டரிடமும் கேட்கச் சொல். சினைப்பையை விடுகிறார்களா என்று கேட்கச் சொல். களை எடுக்க வேறு ஆள் பார். ஆறு வாரத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் நான் ரயில் ஏறி வந்து உன்னோடு சண்டை போடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது சுரேகா எங்கள் வீட்டு வாசலில் காத்திருந்தாள். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"காட்டு" என்றாள்.

சேலையை விலக்கிக் காட்டினேன். மெல்லிய கோடு, ஓரத்தில் மட்டும் சீழ் பிடித்த இடத்தில் கொஞ்சம் தடிப்பு. அவள் கீழே உட்கார்ந்து, கிட்டத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். மாவு காய்ந்த விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினாள். அவளுடைய வயிற்றை நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். அங்கே கோடு என்று ஒன்று இல்லை, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருண்டு கிடக்கும்.

"ஒழுங்கா ஆறினா இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள்.

அவள் பார்த்து முடிக்கிற வரை நான் சேலையைப் பிடித்தபடியே நின்றேன்.